புதரைத் துளைத்துச் செல்லும் கேலிபர் என்று ஒன்று இல்லை

அடர்ந்த புதர்க்காட்டில் உரிமத்தோடு வேட்டையாடச் செல்வோர் பலர் முதலில் கேட்கும் கேள்வி, சுள்ளிகளை முறித்துக்கொண்டு நேராகச் செல்லும் கேலிபர் (குழல், குண்டு ஆகியவற்றின் விட்ட அளவு) எது என்பதுதான். துப்பாக்கிகளைச் சீர்செய்வதையும் சுடப் பயிற்றுவிப்பதையும் தொழிலாகக் கொண்ட நான், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

கனமான, மெதுவாகச் செல்லும், மொட்டை முனை கொண்ட குண்டு புதரை ஊடுருவிவிடும் என்ற நம்பிக்கை பழையது, 1873-இல் வந்த .45-70, 1895-இல் வந்த .30-30 ஆகிய தோட்டாக்களின் புகழோடு சேர்ந்தே அது வளர்ந்தது. வாதம் செய்வதற்குப் பதிலாக, குறிப்பலகைக்கு முன்னால் விரல் பருமனுள்ள குச்சிகளை நட்டு அவர்களையே சுடச் சொல்கிறேன். 26 கிராம் எடையுள்ள .45-70 குண்டும் குச்சியில் பட்டால் திசை மாறுகிறது. சில வேளைகளில் நிலைகுலைந்து பக்கவாட்டாகத் தாளைக் கிழித்துச் செல்கிறது. குண்டின் வகையைவிட, குச்சி எங்கே நிற்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. குண்டு ஒரே ஒரு பாகை விலகுவதாகக் கொண்டால், குச்சி விலங்குக்கு 1 மீட்டர் முன்னால் இருக்கும்போது அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே தவறும். 15 மீட்டர் முன்னால் இருந்தாலோ ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் தவறும். நெஞ்சைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாய அது போதும். அந்த விலங்கு புதருக்குள் ஓடி மறைந்து, பல மணி நேரம் துடித்தே சாகும்.

எனவே, தோளுக்கு விரைவாக ஏறும், கிளைகளில் சிக்காத துப்பாக்கியையே நான் பரிந்துரைப்பேன். குழல் 45 முதல் 50 சென்டிமீட்டர் இருந்தால் போதும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். 9 மடங்கு பெருக்கத்தில் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 4 மீட்டர் அகலமே தெரியும். 20 மீட்டரில் அது 1 மீட்டருக்கும் குறைந்துவிடுவதால், கண்ணுக்கு ரோமம் மட்டும் தெரியும், அது எந்த விலங்கு, உடலின் எந்தப் பகுதி என்பது தெரியாது. 1 முதல் 4 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பை மிகக் குறைந்த நிலையில் வைத்தே நடக்க வேண்டும்.

நூறு மீட்டருக்குள் மான் வேட்டைக்கு .30-30 போதும், 1952-இல் வந்த .308 தாராளம். அதற்கு மேல் வலிமை தேடி வாங்குவோர், உதைப்புக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுத்துக் குறியைக் கெடுத்துக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன். எதிர்த்துப் பாயும் காட்டெருமை போன்றவற்றின் கதை வேறு; அங்கே .375 போன்ற பெரிய கேலிபர்கள் தேவைப்படுவது பாய்ச்சலை நிறுத்தவே, புதரைத் துளைக்க அல்ல.

விசையருகே உள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டாவை ஏற்றும் லீவர் துப்பாக்கி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. தோட்டாக்களை வரிசையாக வைக்கும் குழாய் வடிவ மேகசினில் ஒரு குண்டின் முனை, முன்னுள்ள தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து உள்ள அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மையான கடின முனையுள்ள குண்டுகளை அதில் இட்டால், உதைப்பின் அதிர்வில் தோட்டா உள்ளேயே வெடிக்கக்கூடும்.

ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வழி தெளிவாகத் தெரியும்போதே, குழலுக்கு நேர் எதிரே சில மீட்டர் தொலைவில் ஒரு சுள்ளி குறுக்கே நிற்கக்கூடும். விசையைத் தொடுமுன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துக் குழலின் வழியை ஒருமுறை பாருங்கள். சுள்ளி இருந்தால் ஓரடி நகருங்கள், அல்லது விலங்கு நகரும்வரை காத்திருங்கள்.