பரோல் முடிந்த மறுநாள் காலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரோலில் வந்திருந்த ஒரு கைதியின் மனைவியிடமிருந்து எனக்கு ஒரு போன். "சார், வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே ஜெயிலுக்குத் திரும்பியிருக்கணும். காய்ச்சல்ல படுத்துக் கிடக்கார். நாளைக்குப் போய்ச் சொல்லிக்கலாமா?" டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாராம். கையில் ஒரு சீட்டு கூட இல்லை.

பரோல் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தரும் விடுப்புதான். சாவு, கடுமையான நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. மற்றதற்குச் சாதாரண விடுப்பு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தண்டனை முடியவில்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதுவும் நிபந்தனையோடு. இன்ன ஊரில் இருக்க வேண்டும், இன்ன ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த நளினி 2019-இல் மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக வெளியே வந்தபோது அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது, பேட்டி தரக் கூடாது என்றுகூட நிபந்தனை இருந்தது.

நிபந்தனையை மீறினால் அரசு அந்த உத்தரவை ரத்து செய்யலாம். அதன்பிறகு எந்தப் போலீஸ் அதிகாரியும் வாரண்ட் இல்லாமலே பிடித்து, மிச்சத் தண்டனையை அனுபவிக்க உள்ளே அனுப்பலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 432-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473. காவலிலிருந்து தப்பியதாகத் தனி எப்.ஐ.ஆர். வந்தால் இன்னும் சிக்கல். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 262-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. அது பழைய தண்டனைக்கு மேல் கூடுதல். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமனாரோ மச்சானோ அவர் பங்குக்கு அலைய வேண்டும்.

வெளியில் இருக்கும் நாளும் தண்டனைக் கணக்கில்தானே சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். கோவா கைதிகள் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: ஆயுள் கைதி முன்கூட்டியே விடுதலையாக உள்ளே இருக்க வேண்டிய 14 வருடக் கணக்கில் பரோல் நாட்கள் சேராது. ஆக, கூடுதலாக ஒரு நாள் வெளியே இருந்து லாபம் ஒன்றுமில்லை.

உண்மையிலேயே முடியவில்லை என்றால், விடுப்பு தீருவதற்கு முன்பே நீட்டிப்பு மனு போட வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. சீட்டாவது வாங்குங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏட்டையாவிடம் வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. நாள் தாண்டியே விட்டதா? பிடிக்க வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய் நில்லுங்கள். தானாக வந்தவரையும் தேடிப் பிடித்தவரையும் கோர்ட் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

அந்த அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஜி.எச்.சில் சீட்டு வாங்கிக்கொண்டு அன்று மாலையே கணவர் சிறை வாசலில் போய் நின்றார். எப்.ஐ.ஆர். வரவில்லை. அப்பாடா என்று இருந்தோம்.

எட்டு மாதம் கழித்து மகள் கல்யாணம். விடுப்பு மனு திரும்பி வந்தது: 'முந்தைய விடுப்பில் காலதாமதமாகத் திரும்பியவர்.' அப்புறம் உயர் நீதிமன்றம் வரை போய், போலீஸ் காவலோடு ஒரே ஒரு பகல் வாங்கினோம். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் மஃப்டி போலீஸ். சம்பந்தி வீட்டார் யாரும் அந்த வரிசையில் உட்காரவில்லை.