பதின்பருவ மனச்சோர்வில் காபாவின் பங்கு

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவதைப் போல, மனச்சோர்வுக்கு மூளையிலுள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டினால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு இந்த விளக்கம் போதாது.

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் வேலையைப் பெரும்பாலும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளும், அடக்கும் வேலையைக் காபா என்ற வேதிப்பொருளும் செய்கின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியில் இவ்விரண்டின் சமநிலை பதின்பருவம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதையொட்டிய முன்புறச் சிங்குலேட் புறணிக்கு, ஒரு செயலுக்கான முயற்சியையும் அதனால் கிடைக்கும் பலனையும் எடைபோடுவதில் முக்கியப் பங்கு உண்டு.

உயிருள்ள மூளையில் காபாவை அளப்பது எளிதன்று. எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே செய்யப்படும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலில், ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தமக்கே உரிய அதிர்வெண்ணில் சமிக்ஞை தருகின்றன. ஆனால் காபாவின் சமிக்ஞை, அதைவிடப் பன்மடங்கு வலுவான, கிரியாட்டின் என்ற மற்றொரு மூலக்கூறின் சமிக்ஞைக்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஆகவே, காபாவின் சமிக்ஞையை மட்டும் மாற்றக்கூடிய ரேடியோ அலைத் துடிப்பைச் செலுத்தி ஒருமுறையும், செலுத்தாமல் ஒருமுறையும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். இரண்டிலும் மாறாமல் இருக்கும் கிரியாட்டின் நீங்கிவிட, காபா எஞ்சுகிறது.

நியூயார்க்கில் வில்மா கப்பாய் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனநல மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாத, மனச்சோர்வுற்ற 20 பதின்பருவத்தினரையும் நலமான 21 பேரையும் இம்முறையில் ஒப்பிட்டனர். மனச்சோர்வுற்றவர்களின் சிங்குலேட் பகுதியில் காபா குறைந்திருந்தது. ஆனால் அவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் இன்பம் காண முடியாதவர்களிடமே அந்தக் குறைவு தெளிவாக வெளிப்பட்டது. என் பார்வையில் இதுவே ஆய்வின் மையம்: ஒரே நோய்ப் பெயரைத் தாங்கிய இரு பிள்ளைகளின் மூளை வேதியியல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிறிய ஆய்வுதான், ஒரே வேளையில் எடுத்த அளவு என்பதால், காபா குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் காபா குறைந்ததா என்பதையும் அது சொல்லாது.

மருந்துகளின் அனுபவமும் இப்படித்தான்: எல்லோருக்கும் ஒன்றுபோல் பலன் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்குப் பலன் தந்த டிரைசைக்ளிக் எனும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகள், பதின்பருவத்தினருக்குப் பெரிதாக உதவவில்லை. செரட்டோனின் வழியே செயல்படும் ஃப்ளுயாக்செட்டின் என்ற மருந்து உதவுகிறது. 439 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் அம்மருந்தை மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினரும், எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின்வழி மாற்ற உதவும் அறிதல் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றோரில் 71 விழுக்காட்டினரும் நன்கு தேறினர். வெற்று மாத்திரை பெற்றோரில் அது 35 விழுக்காடு. அதே ஆண்டில்தான், மனச்சோர்வு மருந்துகள் இளையோர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கையையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்தது. எனவே மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையை அருகிலிருந்து கவனிப்பதும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதிருப்பதும் மிக அவசியம்.