வெள்ளைக்கல் சூளைப் புகையும் வெயிலில் எடுக்கும் எரிபொருளும்

சேலத்தில் சூளை வைத்திருப்பவர்கள் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "புகைபோக்கியில் போகும் கார்பன் டை ஆக்சைடை வெயிலிலேயே எரிபொருளாக மாற்றும் பொடி இருக்கிறதாமே, வாங்கிப் போடலாமா?" பொடி இருப்பது உண்மை. வாங்கிப் போடும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

கேட்பவர் சரியான ஆள்தான். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைக்கு மாற்று உண்டு. சூரிய மின்சாரம் பெருகினால் நிலக்கரியைக் குறைக்கலாம். மேக்னசைட் சூளைக்கு அந்த வசதி கிடையாது. மாமாங்கம், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் கிடைக்கும் வெள்ளைக்கல்தான் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். சுட்டால் கல்லே கார்பன் டை ஆக்சைடை விடுகிறது: தூய கல் ஒரு டன்னுக்குச் சுமார் 520 கிலோ. எண்ணெயை விட்டு மின்சாரத்தில் சுட்டாலும் இதில் ஒரு கிலோகூடக் குறையாது.

1979-இல் இனோவே, ஃபுஜிஷிமா, கோனிஷி, ஹோண்டா ஆகிய ஜப்பானியர்கள், டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைக்கடத்திப் பொடிகளை நீரில் கலந்து ஒளி பாய்ச்சி, கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு உறிஞ்சுவது புற ஊதா ஒளியைத்தான். வெயிலில் அது ஏறத்தாழ 5 சதவீதமே. மெத்தனால் மூலக்கூறு ஒன்றுக்கு 6 எலக்ட்ரான்கள் வேண்டும். அவற்றில் பலவற்றை நீரே பறித்து ஹைட்ரஜனாகிவிடும். ஒரு கிராம் பொடியில் மணிக்கு 10 மைக்ரோமோல் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் போட்டால் 0.32 மில்லிகிராம். அகல் விளக்குத் திரிகூட நனையாது.

அந்தத் துளியும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் குடுவையில் பொடியும் நீரும். மேலே செனான் விளக்கு. ரப்பர் அடைப்பில் ஊசியைக் குத்தி வாயுவை உறிஞ்சி, வாயுக்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால், மெத்தனாலைப் போலவே எரிபொருளான மீத்தேன் வாயுவின் முகடு திரையில் எழும். அதற்குள் கைதட்டிவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவை நிரப்பி மீண்டும் ஓட்ட வேண்டும். அப்போதும் முகடு எழுந்தால், பொடி தயாரிக்கையில் ஒட்டிய கரிமப் பிசுக்குதான் மீத்தேனாகிறது. கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் அணு கொண்ட கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்து, வரும் எரிபொருளிலும் கார்பன்-13 இருந்தால்தான் நான் நம்புவேன். முன்பணம் கேட்டு வருபவரிடம் இந்த இரண்டு சோதனைகளின் முடிவையும் கேளுங்கள். ட்ரைஎத்தனாலமீன் ஊற்றுகிறாரா என்றும் கேளுங்கள். எலக்ட்ரான் கொடுத்துத் தீர்ந்துபோகும் அந்த ரசாயனத்துக்குக் கொடுக்கும் காசு எரிபொருளில் திரும்பாது.

சூளைப் புகையில் காற்றின் நைட்ரஜன், கல்தூசி, எண்ணெயின் கந்தகம் எல்லாம் கலந்திருக்கும். இந்தப் பொடி ஒரு வினையூக்கி; கந்தகம் பல வினையூக்கிகளுக்கு நஞ்சு. ஆகவே முதல் செலவைச் சூளையில் செய்வதே புத்திசாலித்தனம். தீ கல்லைத் தொடாமல் வெளிச்சுவர் வழியாகச் சூடேற்றினால், கல்லிலிருந்து வரும் வாயு கலப்பில்லாமல் தனியே கிடைக்கும். அதை உலர்பனிக்கட்டிக்கும் தீயணைப்பானுக்கும் சோடாவுக்கும் இன்றைக்கே வாங்குகிறார்கள்.