ஜீப் ஸ்டீரிங் ஆடுதா? பாக்ஸ் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்க

விடியறதுக்கு முன்னாலேயே தேனி மாவட்டப் போடியில் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறி, சாயங்காலம் அதே 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவரும். அதில் பழைய மஹிந்திரா ஜீப்புகள் இன்னும் நிறைய. அடிப்படையில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வடிவம்தான். இரும்பு தேயும், ஆனால் பாகம் கிடைக்கும், கழற்றி மாட்டலாம் என்பதால் யாரும் விடுவதில்லை.

இந்த வண்டிகளோடு என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோயைச் சொல்வதில்லை, மருந்தைச் சொல்கிறார்கள். "அண்ணே, ஸ்டீரிங் பிளே ஜாஸ்தியா இருக்கு. பாக்ஸ் ஸ்க்ரூவை ஒரு சுத்து டைட் வச்சு விடுங்க, காலையில டிரிப் இருக்கு."

பாக்ஸ் என்றால் ஸ்டீரிங் திருப்புவதைச் சக்கரத்துப் பக்கம் கடத்தும் பெட்டி. அதன் ஆட்டத்தைச் சரிசெய்யும் அந்த ஸ்க்ரூதான் எல்லாரையும் ஏமாற்றுவது. வெளியிலேயே கைக்கு எட்டும். ஒரு லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருகினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்ய மாட்டேன் என்று சொன்னதற்காக வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு.

ஏன் செய்வதில்லை என்றால், பழைய ஜீப் பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் என்ற திருகுத் தண்டில் வெட்டிய காடி நடுவில் ஆழம் குறைவாகவும், இரண்டு ஓரத்திலும் ஆழமாகவும் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி வெட்டியிருக்கிறார்கள். நேராக ஓடும்போது பிடிப்பு, ஒடித்துத் திரும்பும்போது கொஞ்சம் தளர்வு. வருஷக்கணக்கில் ஓடி நடுப்பகுதி தேய்ந்த பிறகு, நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். வளைவில் ஒடித்த சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. கொண்டை ஊசியில் ஸ்டீரிங்கை விட்டுப் பிடிக்கிற பழக்கம் உள்ள டிரைவருக்கு அந்த ஒரு நொடி போதும்.

போன வருஷம் ஒரு ஜீப் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பாக்ஸை டைட் வைத்திருந்தார்கள். திருப்பினால் கல் மாதிரி கனம். ஆனாலும் ஸ்டீரிங் விளிம்பில் நாலு அங்குலம் சும்மா ஆடியது. இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை வரை நான் விட்டுவிடுவேன். கனமும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது என்றால் ஆட்டம் பாக்ஸுக்குள் இல்லை என்று அர்த்தம்.

பார்க்கும் முறை எளிது, இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியைத் தரையிலேயே நிறுத்த வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் எடை விலகிவிடும், தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டு மாதிரி நடிக்கும். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து ஆட்டம் இருக்கிற அளவுக்கு மட்டும் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருத்தர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சேறும் கிரீஸும் கண்ணை மறைக்கும், விரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறு பக்கம் நகராமல் இருந்தால் அங்கே தேய்மானம்.

அந்த ஜீப்பில் நான் முதலில் தொட்டது பாக்ஸின் உடம்பை. பாக்ஸே அசைந்தது! போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் தெரிந்தது, போல்ட் துளையிலிருந்து சேஸிஸில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஸ்டீரிங் கனமாக இருக்கிறது என்று டிரைவர் பலம் கொடுக்கக் கொடுக்க, அந்தப் பலமெல்லாம் வெடிப்பில்தான் போய் இறங்கியிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. முன் கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) இருக்கும் பெல் கிராங்க், அதாவது பாக்ஸிலிருந்து வரும் அசைவை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கை, மேலும் கீழும் ஆடியது, உள்ளே புஷ் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது. கிரீஸ் நிப்பிள் பெயிண்ட் மூடிக் கிடந்தது. கடைசியாக எப்போது கிரீஸ் ஏறியதோ. பாக்ஸுக்கும் பெல் கிராங்குக்கும் நடுவில் உள்ள டிராக் லிங்க் கம்பியின் முனைக்குள் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது.

ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் பெரிய விஷயமா என்று கேட்பார்கள். பாக்ஸிலிருந்து தொங்கி டிராக் லிங்க்கைத் தள்ளும் டிராப் ஆர்ம் நீளம் 15 சென்டிமீட்டர், பாக்ஸ் விகிதம் 14க்கு 1 (ஸ்டீரிங் 14 பாகம் திரும்பினால் ஆர்ம் 1 பாகம் திரும்பும்), ஸ்டீரிங் குறுக்களவு 43 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். டிராப் ஆர்ம் முனையில் உள்ள 1 மில்லிமீட்டர், டிரைவர் கையில் 20 மில்லிமீட்டராக வந்து நிற்கும். இந்த மாதிரி நாலு மூட்டு கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தாலே அந்த நாலு அங்குலம் வந்துவிடாதா?

தரையில் பார்த்து முடித்த பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? ஒருத்தரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின். வீல் பேரிங்கை நட்டு இறுக்கிச் சரிசெய்யலாம். கிங் பின்னில் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மேலும் கீழும் சமமாக எடுத்து இறுக்க வேண்டும், பேரிங் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஷாக்கிளின் புஷ்ஷையும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்ந்தால் ஸ்டீரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி அலையும். வேகத்தில் முன்சக்கரம் படபடவென்று உதறுகிறது, உதறலை அமுக்கும் டாம்பர் போட்டால் போகுமாமே என்று வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். தேய்ந்த கிங் பின்னை விட்டுவிட்டு டாம்பர் போடுவது, காய்ச்சலை விட்டுவிட்டு நடுக்கத்துக்குப் போர்வை போர்த்துகிற வேலை.

அந்த ஜீப்பை மூன்று நாள் வைத்திருந்தேன். வெடிப்பு முடியும் இடத்தில் சிறு துளை போட்டு, வெடிப்பைக் காடியாகக் கடைந்து வெல்டு வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்தோம். சேஸிஸுக்கு வெல்டிங் சரி. சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, டிராக் லிங்க், டிராப் ஆர்ம் இவற்றில் மட்டும் வெல்டிங் ராடு படவே கூடாது. சூடு காட்டி நிமிர்த்தவும் கூடாது. அடிபட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். பெல் கிராங்க் பின்னும் புஷ்ஷும் புதுசு. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்களில், கழற்றியது எதையும் திரும்பப் போடவில்லை. நிமிர்த்திப் போட்ட ஸ்பிளிட் பின் எப்போது ஒடியும் என்று யாருக்கும் தெரியாது, ஒடிந்தால் கழன்று விழுவது ஸ்டீரிங். பிறகு டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் அளந்து, முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைவாக வரும்படி டோ-இன் வைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஸ்க்ரூ. டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை ஸ்டீரிங் எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்தினேன். அந்த நடு இடத்தில் விரலுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பிடிப்பு வரும் அளவுக்கு வைத்து லாக் நட்டைப் பூட்டினேன். இறுக்கவில்லை, ஒன்றேகால் சுற்றுத் தளர்த்தியிருந்தேன். டிரைவர் மெட்டு வரை போய்த் திரும்பினார். "லேசா இருக்குண்ணே, ஆனா ஆடல. எப்படி?" என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெல்டைக் காட்டச் சொல்லியிருந்தேன். போன வாரம் வந்தார். வெல்டு அப்படியே இருந்தது. இடது டை ராடு முனையில் ரப்பர் கிழிந்து மண் போயிருந்தது, அதை மட்டும் மாற்றிக்கொடுத்தேன்.