கேனனை 'நியதி' ஆக்கியது யார்?

"இது அதிகாரப்பூர்வ நியதியில் இல்லை." மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் வாயில் இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கற்பனை உலகில் எவையெல்லாம் நடந்ததாகக் கணக்கு என்பதைக் குறிக்கும் கேனன் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினார்களாம். இரண்டு சொல் போட்டிருக்கிறார்கள், இரண்டுமே பிசகு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'கன்னா' என்றால் நாணல். நேரான நாணல் அளவுகோலானது, அதன் பெயர் 'கனோன்'. கோல் சட்டமாயிற்று, அரபியின் 'கானூன்' இந்த வழியில் வந்ததுதான். பிறகு திருச்சபை ஏற்றுக்கொண்ட நூல்களின் பட்டியலுக்கு அப்பெயர் வந்தது. 1911-இல் ரொனால்டு நாக்ஸ் வேத நூல் ஆராய்ச்சியைக் கிண்டல் செய்ய ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எடுத்துக்கொண்டார். 4 நாவல், 56 சிறுகதை, மொத்தம் 60 என்ற அந்தத் தொகுதிக்கும் கேனன் என்ற பெயர் நிலைத்தது. எந்திர மொழிபெயர்ப்பு இதைப் 'பீரங்கி' என்று போடும்போது எல்லோரும் சிரிக்கிறோம். பீரங்கியின் ஆங்கிலப் பெயரும் அதே நாணல்குழலில் பிறந்ததுதான். தூரத்து உறவாவது உண்டு. நியதிக்கு அதுவும் கிடையாது.

நியதி என்றால் என்ன? சைவ சித்தாந்தம் சொல்லும் 36 தத்துவங்களில் ஒன்று. அவரவர் வினைப்பயனை அவரவரே நுகரும்படி நிறுத்துவது அதன் வேலை. பேச்சு வழக்கில் 'இயற்கையின் நியதி' என்போம். யாராலும் மாற்ற முடியாதது என்று பொருள். கேனனோ யாரோ உட்கார்ந்து தீர்மானிப்பது, அடுத்த பதிப்பில் அவர்களே மாற்றுவது.

இது அகராதிச் சண்டை மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆட்டத்தையே கெடுக்கிறது. பெரம்பூரில் ஒரு வீட்டு மாடி, ஞாயிறு மாலை, பகடையோடு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகம். ஒருவர் மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவை வேண்டுகிறார்.

"அவதான் செத்துட்டாளேப்பா."

"யாரு சொன்னது?"

"நியதிப்படி செத்துட்டா."

புதிதாக வந்த பையன் கேட்கிறான்: "அப்போ உயிர் குடுக்கிற ஸ்பெல் அவளுக்குப் போட முடியாதாண்ணா?"

அவன்மேல் தப்பில்லை. நியதி என்றதும் ஆட்ட விதி என்று எடுத்துக்கொண்டான். உண்மையில் கேள்வி எந்தப் புத்தகம் என்பது. 1987-இல் இந்த உலகை விவரித்து வந்த முதல் புத்தகப் பெட்டி அவ்வுலகின் 1357-ஆம் ஆண்டில் நிற்கிறது; மிஸ்ட்ரா இருக்கிறாள். 2008-இல் நான்காம் பதிப்பு கதையை 1479-க்குத் தள்ளியது. அங்கே அவள் 1385-இலேயே கொல்லப்பட்டுவிட்டாள். ஐந்தாம் பதிப்பில் திரும்பிவிட்டாள். விதி என்பது பகடையில் எத்தனை விழுந்தால் வெட்டு படும் என்பது. கேனன் என்பது இந்த உலகில் எது நடந்ததாகக் கணக்கு என்பது. இரண்டுக்கும் ஒரே வாடை அடிக்கும் சொல்லை வைத்தால் மேசையில் அரை மணி நேரம் போகும்.

'அதிகாரப்பூர்வ' இன்னும் மோசம். 2021-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்டு தங்கள் நிலையைச் சொன்னார்: 2014 முதல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்ட நூல்களில் இருப்பதே கணக்கு. நாவல்கள், கணினி ஆட்டங்கள், பழைய பதிப்புகள் எல்லாம் வெளியே. அந்த நாவல்களும் முறைப்படி முத்திரை குத்தி விற்றவைதானே? விண்வெளிக் கதையான டிராவலர் ஆட்டத்தைப் பாருங்கள். அதன் 1987 பதிப்பான மெகாடிராவலரில் பேரரசர் ஸ்ட்ரெபான் அவ்வுலகின் 1116-ஆம் ஆண்டு டுலினார் என்பவரால் சுடப்பட்டு, பேரரசே உடைகிறது. 1998-இன் இன்னொரு வடிவமான கர்ப்ஸ் டிராவலரில் அந்தக் கொலை நடக்கவே இல்லை. இரண்டும் உரிமம் பெற்ற வெளியீடுகள், இரண்டும் அதிகாரப்பூர்வம். முத்திரை ஒரு கேள்வி, எது கணக்கில் சேர்த்தி என்பது வேறு கேள்வி.

சேர்த்தி. அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? மூவர் தேவாரமான முதல் ஏழு திருமுறைகளுக்கு 'அடங்கன்முறை' என்றே பெயர். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போகிறவர்கள் 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற வரியைச் சொல்லாமல் திரும்பமாட்டார்கள். அந்தப் பாட்டு திருமுறையில் இல்லை. அவர் பெயரில் பதினோராம் திருமுறைக்குள் இருப்பவை 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' உள்பட ஐந்து நூல்கள். அவற்றை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஊர் வாயில் இருப்பது வெளியே, தொகுப்பில் இருப்பது உள்ளே. இராயபுரத்துக் கத்தோலிக்க வீட்டு விவிலியத்தைப் புரட்டினால் 'இணைத் திருமுறை நூல்கள்' என்று ஒரு பகுதியே இருக்கும். சேர்ப்பதும் விலக்குவதும் நமக்குப் பழகிய வேலை.

'திருமுறை'யை டிராகன் கதைக்கு இழுத்தால் அடி விழும். ஆகவே 'அடங்கன்முறை'யின் முதல் பாதியான 'அடங்கல்' போதும். பட்டா, சிட்டா, அடங்கல் என்று கிராமக் கணக்கில் கேட்ட சொல்தானே என்பார்கள். ஆமாம், எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் பதிவேடு. எந்தப் புத்தகத்தில் என்ன நடந்தது என்பதற்கும் அது ஒத்துவருகிறது. 'மூலநூல்' என்கிறவர்களுக்கு ஒன்று: நன்னூல் முதல், வழி, சார்பு என்று நூலை மூன்றாகப் பிரித்தது பிறந்த முறையை வைத்து. அடங்கலில் வழிநூலும் வரலாம்.

சொல்லைச் சோதிக்க மேசைக்குக் கொண்டுபோங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் அரைப்பக்க அடங்கல் தாள் எழுதலாம். எந்தப் பதிப்பு, எந்தெந்தப் புத்தகம் (மூன்றுக்கு மேல் வேண்டாம், யாரும் படிக்கமாட்டார்கள்), அவ்வுலகின் எந்த ஆண்டில் தொடக்கம், இரண்டு புத்தகம் முரண்பட்டால் எது மேல். கடைசி வரியில், நம் மேசையில் நடந்தது எல்லாவற்றுக்கும் மேல் என்று எழுதுங்கள். ஆண்டை விட்டுவிட்டால்தான் மிஸ்ட்ரா தகராறு வரும். எல்லாப் பதிப்பையும் கலந்து வைத்திருக்கும் விக்கியை ஒருவர் போனில் திறந்துவிடுவார்.

கிளைச் சொற்களும் தானாக வருகின்றன. ஒருவர் தன் மனதுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் ஹெட்கேனனுக்கு 'மன அடங்கல்'. முன்பு சொன்ன கதையைப் பின்னால் மாற்றும் ரெட்கானுக்குப் 'பின்திருத்தம்'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்னோர் உலகமான எபெரானை உருவாக்கிய கீத் பேக்கர், தன் சொந்த வடிவம் வேறு, நிறுவனத்தின் வடிவம் வேறு என்று காட்ட ஆங்கிலத்தில் முதலெழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார். தமிழில் எழுதினால் இரண்டும் 'கேனன்'தான், வித்தியாசமே தெரியாது. 'ஆசிரியர் அடங்கல்' என்றால் தெரிகிறது.