எம்எஃப்ஐ எண்ணை மட்டும் நம்பி அச்சு வெட்டாதீர்கள்

உருக்கி அச்சில் செலுத்தும் மோல்டிங்குக்கு ஃபில்லர் (நிரப்புத்தூள்) அதிகம் ஏற்றிய கலவையை வாங்கும்போது டேட்டா ஷீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது எம்எஃப்ஐ (உருகல் ஓட்டக் குறியீடு) எண்ணைத்தான். பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற அந்த ஒற்றை எண்ணை வைத்தே கேட் (உருகல் அச்சுக்குள் நுழையும் வாசல்) அளவும் சுவர்த் தடிமனும் முடிவாகிவிடுகின்றன. பாதி நிரம்பிய பாகங்களோடு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் இப்படித்தான் அச்சு வெட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சோதனையில் உருகல் ஒரு சிறு துளை வழியே மெதுவாக இறங்குகிறது. ஷியர் வேகம், அதாவது உருகலின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகம், பெரும்பாலும் வினாடிக்கு 100-ஐத் தாண்டாது. மோல்டிங்கில் கேட்டைக் கடக்கும்போது அது ஆயிரக்கணக்கில் இருக்கும். சிறிய கேட்டில் 10,000-ஐயும் தாண்டும். நிறைய ஃபில்லர் கொண்ட கலவை வேகம் கூடக்கூட வெகுவாக இளகும். வேகம் குறைந்தாலோ மெல்லிய ஓரத்தில் அப்படியே நின்றுவிடும். குறிப்பிட்ட அளவு அழுத்தம் கிடைக்காதவரை அசையாது. இந்த இரண்டு குணத்தையும் எம்எஃப்ஐ காட்டாது. போதாததற்கு அது கிராமில் அளப்பதால், அடர்த்தி மிகுந்த கலவை நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் கனஅளவில் சொல்லும் எம்விஆரைக் கேளுங்கள்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் எடையில் 40 சதவீதம் டால்க் என்றால் கனஅளவில் சுமார் 18 சதவீதம்தான். உலோகத்தூளை பைண்டரில் (துகள்களைப் பிணைக்கும் மெழுகு கலந்த ஊடகம்) குழைத்துச் செய்யும் மோல்டிங்கில் கதை வேறு. கனஅளவில் 60 சதவீதம் எஃகுத்தூள் என்றால் எடையில் 92 சதவீதத்துக்கும் மேல். ஓட்டத்தைத் தீர்மானிப்பது கனஅளவுதான்.

துகள் சேர்ந்தால் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) எவ்வளவு ஏறும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் பழைய சூத்திரம் கனஅளவில் சில சதவீதம் வரைதான் பொருந்தும். துகள்கள் நெருங்கிய பிறகு பாகுநிலை கிடுகிடுவென ஏறும். உருண்டைத் துகள்கள் தாறுமாறாக அடையும் எல்லை சுமார் 64 சதவீதம். நெருங்கிய துகள்களுக்கான மாரன்–பியர்ஸ் சமன்பாட்டில் அதைப் போட்டுப் பாருங்கள்: பாகுநிலை 58 சதவீதத்தில் பைண்டரைவிட 114 மடங்கு, 60 சதவீதத்தில் 256 மடங்கு. இரண்டே சதவீதப் புள்ளிகளில் இரட்டிப்புக்கும் மேல்! நேற்று ஓடிய அச்சு இன்று நிரம்பவில்லை என்றால், மெஷினைக் குறை சொல்லுமுன் அந்த பேட்சில் தூளின் பங்கையும் துகள் அளவுப் பரவலையும் பாருங்கள்.

ஷார்ட் ஷாட் (முழுதும் நிரம்பாத பாகம்) வந்ததும், கலவையை உருக்கும் பேரலின் சூட்டை ஏற்றுவதுதான் பலருடைய முதல் வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெழுகு கலந்த பைண்டர் கூடுதல் சூட்டில் ஆவியாகும், சிதையும். மிச்சக் கலவையில் தூளின் பங்கு இன்னும் ஏறும். உலோகத்தூள் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் உருகல் அச்சுச் சுவரில் சட்டென்று உறைகிறது. அதனால் முதலில் அச்சின் சூட்டை ஏற்றிப் பாருங்கள், பிறகு செலுத்தும் வேகத்தை.

அந்த வேகத்துக்கும் எல்லை உண்டு. மிஞ்சினால் கேட் அருகே பைண்டர் தூளைவிட்டுப் பிரிந்து ஓடும். சின்டரிங்குக்கு (தூளைச் சூட்டில் ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டம்) முந்தைய பாகத்தை கேட் பக்கம் உடைத்து லென்ஸில் பார்த்தால், மங்கலான தூள் பரப்புக்கு நடுவே மெழுகுபோல மினுங்கும் மெல்லிய கீற்று தெரியும். சின்டரிங்கில் விரிசல் பெரும்பாலும் அந்தக் கீற்றின் வழியேதான் விடும்.

அச்சு வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் சப்ளையரிடம், ஒவ்வொரு ஷியர் வேகத்திலும் பாகுநிலை எவ்வளவு என்று காட்டும் கேபிலரி ரியோமீட்டர் வளைவைக் கேட்டு வாங்குங்கள். வினாடிக்கு 100 முதல் 10,000 வரை, குறைந்தது மூன்று வெப்பநிலைகளில், நீங்கள் வாங்கப்போகும் அதே கிரேடில் எடுத்ததாக இருக்கட்டும்.