பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5: பிளக் வயரை மட்டும் மாற்றினால் போதுமா?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார்கள் பிரிட்டனில் இன்றும் கணிசமாக ஓடுகின்றன. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டுப் பின்னாளில் இங்கே இறக்குமதியானவையும் அவற்றில் உண்டு. இந்தக் கார்கள் பணிமனைக்கு வரும்போது, குறிப்பாக ஈரமும் குளிரும் தொடங்கும் மாதங்களில், உரிமையாளர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நின்றபடி ஓடும்போது இஞ்சின் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது கியரில் மேட்டில் ஏறும்போதோ, குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதோ வண்டி திணறுகிறது, உதறுகிறது, பிக்கப் எடுக்க மறுக்கிறது. பெட்ரோல் சரியில்லை என்று எண்ணிப் பல மாதங்கள் அப்படியே ஓட்டிவிட்டு, பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில் புகை அளவு மீறித் தோற்ற பிறகே பலர் கொண்டுவருகிறார்கள். இந்தத் தாமதம் வீண் செலவை இழுத்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சுமை ஏறும்போது மட்டும் திணறுவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சிலிண்டருக்குள் கூடுதல் காற்று நுழைகிறது, அமுக்கம் உயர்கிறது, அந்த அடர்ந்த காற்றைத் தாண்டிப் பிளக்கின் முனையில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். பிளக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயரின் மேலுறையில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், அல்லது பிளக்கை மூடும் ரப்பர் பூட் காய்ந்து இறுகியிருந்தால், பொறி சிலிண்டருக்குள் பாயாமல் வெளியிலேயே இஞ்சின் உலோகத்தின் மீது பாய்ந்துவிடும். ஈரக்காற்றில் இந்தக் கசிவு இன்னும் எளிதாகிறது. ஆகவே வெயில் நாளில் பணிமனைக்கு வரும்போது வண்டி நன்றாக ஓடினால், வயர் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இந்தக் காரில் கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், ஓட்டுநர் பகுதியைப் பிரிக்கும் தகட்டுக்கு அருகே இரண்டு காயில்கள் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்கள்) இருக்கின்றன. ஒன்று முதலாவது, நான்காவது சிலிண்டர்களுக்கும், மற்றொன்று இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். ஒரு சிலிண்டரில் அது எரிபொருளைக் கொளுத்தும். இணைச் சிலிண்டரில் புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் பாயும். ஒரு காயிலின் இரு முனைகளும் இரண்டு பிளக்குகளின் வழியாக ஒரே சுற்றாக அமைந்திருப்பதால், ஒரு வயர் உள்ளே அறுந்துபோனால் அந்தச் சிலிண்டரோடு பிரச்சினை நின்றுவிடுவதில்லை. பொறிக்கு வழி கிடைக்காதபோது மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறிக் காயிலின் உள் காப்பையே துளைத்துவிடக்கூடும். மலிவான ஒரு வயரைக் கவனிக்காமல் விட்டு, விலை உயர்ந்த காயிலை இழப்பது இப்படித்தான் நேர்கிறது. 1.6 லிட்டர் இஞ்சினில் காயிலை இயக்கும் இக்னைட்டர் தனி உறுப்பாக இருக்கிறது. பின்னர் வந்த 1.8 லிட்டரில் அது காயிலோடு சேர்ந்தே வருகிறது. ஒரே காயிலில் சேர்ந்த இரு சிலிண்டர்களும் சேர்ந்தே செத்திருந்தால், வயரைவிடக் காயிலையும் இக்னைட்டரையுமே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காயிலைவிடப் பெரிய இழப்பு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். எரியாத பெட்ரோலும் பயன்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்து அதற்குள் போய் அங்கே எரியும்போது, உள்ளிருக்கும் செராமிக் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அதற்கும் முன்பாக, புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அந்த மிச்ச ஆக்ஸிஜனைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குத் தவறாகத் தெரிவிக்கிறது; கணினி மேலும் பெட்ரோலைச் சேர்க்கிறது; சூடு இன்னும் ஏறுகிறது. வண்டி உதறத் தொடங்கிய பின் சில நூறு மைல்கள் ஓட்டிப் பார்ப்போம் என்பது என் பார்வையில் மிக மோசமான முடிவு.

பழுதைக் கண்டறியும்போது, வயரைக் கழற்றியவுடன் அதன் ரப்பர் பூட்டைக் கவனியுங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மெல்லிய கோடு ஒன்று ரப்பரின் மேல் கீழிறங்கியிருந்தால், பொறி அந்த வழியே ஓடியிருக்கிறது என்று பொருள். பிளக்கின் பீங்கான் பகுதியிலும் அதற்கு இணையாகக் கரிக்கோடு இருக்கும். கோடு விழுந்த பிளக்கைத் துடைத்துவிட்டுப் புதிய வயரோடு மீண்டும் பொருத்தினால், அந்தக் கரிப்பாதை புதிய பூட்டையும் விரைவில் கெடுத்துவிடும். அதனால்தான் வயரையும் பிளக்கையும் பிரிக்காமல் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மல்டிமீட்டரில் அளக்கும்போது மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 16 கிலோ ஓம் காட்ட வேண்டும். வயரை மெதுவாக வளைத்துக்கொண்டே அளந்தால் உள்ளே அறுந்திருப்பது எண்ணின் தாவலில் தெரிந்துவிடும். ஆனால் இந்த அளவு சரியாக இருப்பதால் மேலுறையும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. இருட்டிய பின், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், வயர்கள் மேல் தண்ணீரை மிக லேசாகத் தூவித் தூரத்திலிருந்து பார்த்தால் நீல நிறப் பொறிகள் தாவுவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வயரைக் கையால் தொடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பானட்டின் அருகே நிற்கவும் கூடாது. எந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்க, ஓடும் இஞ்சினில் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் நமக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து.

இந்த இஞ்சினில் வயர் முன்கூட்டியே கெடுவதற்கு எண்ணெய் ஒரு முக்கியக் காரணம். பிளக்குகள் ஹெட்டின் நடுவே ஆழமான குழிகளுக்குள் இருக்கின்றன. ஹெட்டின் மேல் மூடியான வால்வு கவரின் கேஸ்கெட் காய்ந்துபோனால் எண்ணெய் அந்தக் குழிகளில் சேர்ந்து, பூட்டின் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். குழியில் எண்ணெய் நிற்பதைக் கண்டும் புதிய வயரை அதற்குள்ளேயே சொருகி அனுப்பிய வண்டிகளைப் பார்க்கிறேன். அது வாடிக்கையாளரின் பணத்தை எண்ணெயில் போடுவதுதான். முதலில் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். முன்புறமும் பின்புறமும் கேம் ஷாஃப்டின் மூடிகள் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் சிறிதளவு சீலன்ட் வைத்து, கவரின் போல்ட்டுகளை 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கில் படிப்படியாக இறுக்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தவறான நம்பிக்கை; அலுமினியத்தில் மரை கழன்றுபோவதுதான் மிஞ்சும்.

ஹெட்டின் பின்முனையில், கேம் ஷாஃப்டின் சுழற்சி நிலையைக் கணினிக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) இதே வயதில் இறுகி எண்ணெய் விடும். அந்த எண்ணெய் கியர்பாக்ஸின் மேல் வழிந்து இறங்குவதால், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது என்று கருதி கியர்பாக்ஸையே இறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. சில்லறைக் காசில் முடிகிற ஓ-ரிங்கை முதலில் மாற்றிப் பார்ப்பதே முறை. சென்சாரைக் கழற்றும் முன் அதன் நிலையை ஹெட்டின் மீது கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்திய பின், பொறி பாயும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துச் சரிபாருங்கள். பழுது கண்டறியும் பெட்டியில் டி.ஈ.என்., ஜி.என்.டி. என்று குறித்த இரு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இஞ்சின் ஓடும்போது) பார்த்தால், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 10 டிகிரி முன்னதாகப் பொறி பாய வேண்டும். அந்தக் கம்பியை இணைக்காமல் அளந்தால் கணினி தானே டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும். கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

பிளக் மாற்றும் வேலையைச் சூடு ஆறிய இஞ்சினில்தான் செய்ய வேண்டும். குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊதியும், எண்ணெயைத் துணியால் உறிஞ்சியும் எடுத்த பிறகே பிளக்கைத் திருகுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். 16 மி.மீ. பிளக் சாக்கெட் போதும். என்.ஜி.கே. பி.கே.ஆர்.6.ஈ-11 போன்ற சாதாரண பிளக்குகளே இந்த இஞ்சினுக்குப் பொருத்தம், இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. வரை. ஒவ்வொரு காயிலிலும் ஒரு பிளக்கில் பொறி நடு முனையிலிருந்தும், இணைப் பிளக்கில் எதிர்த்திசையிலும் பாய்வதால் தேய்மானம் இரண்டிலும் வேறுபடும். ஆகவே விலை உயர்ந்தவை வேண்டுமென்றால் இரு முனைகளிலும் பிளாட்டினம் உள்ளவற்றை வாங்குங்கள். முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே திருக வேண்டும். வாஷர் ஹெட்டில் படிந்ததும், முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச் இல்லாத இடத்தில், புதிய பிளக்கை அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். மரையில் கிரீஸ் எதுவும் வேண்டாம். அது முறுக்கைத் தவறாகக் காட்டி மரையைப் பாழாக்கும்.

வயர்களை ஒவ்வொன்றாக மட்டும் மாற்றுங்கள். முதலாவது சிலிண்டர் முன்புறம் இருப்பதால் அதன் வயரே நீளமானது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டைப் பிடித்துச் சற்றே சுழற்றி உருவ வேண்டும். உள்ளே கிராஃபைட் ஏற்றிய இழைதான் இருக்கிறது, இழுவையைத் தாங்காது. பூட்டின் உட்புறம் மெல்லிய சிலிகான் கிரீஸ் பூசினால் அடுத்த முறை ஒட்டாமல் வரும். பந்தயத்துக்கென விற்கப்படும் வெறும் செப்புக் கம்பி வயர்களை வாங்காதீர்கள். அவற்றில் மின்தடை இல்லாததால் எழும் இரைச்சல் ரேடியோவோடு நிற்காமல் கணினியையும் குழப்பும்.

எல்லாம் முடிந்த பின் முழு வெப்பத்துக்கு இஞ்சினைக் கொண்டுவந்து, மேடான சாலையில் உயர் கியரில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் புகைச் சோதனையில் அதிவேக ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.2 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவையும் தாண்டினால், பழைய வயர் ஏற்கெனவே கன்வெர்ட்டரைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ரப்பர் சுத்தியலால் அதைத் தட்டினால், உடைந்த செராமிக் துண்டுகள் உள்ளே உருளும் ஓசை கேட்கும்.